குடல் அழற்சி நோயும் ரத்த உறைவும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

குடல் அழற்சி நோயின் இரண்டு முக்கிய வகைகளான குரோன்ஸ் நோயோ அல்சரேட்டிவ் கோலைட்டிஸோ உள்ளவர்களோடு பேசினால் சாப்பாடு, மாத்திரை, வேலை, கல்யாணம் என்று எல்லாவற்றையும் பற்றிக் கேள்வி வரும். ரத்த உறைவைப் பற்றி மட்டும் அது வந்த பிறகே கேட்கிறார்கள். பெரும்பாலும் காலில் ஒரு நரம்பு சிவந்து வலிக்க ஆரம்பித்த மறுநாள். ஒரே சந்தேகங்களைப் பலரிடமிருந்து கேட்டதில் பதில்களை ஓரிடத்தில் சேர்த்து வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருக்கும்போது இந்தப் பக்கத்துக்கு வந்திருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள். மற்றவை பிறகு.

1. "எனக்கு நோய் குடலில்தானே? காலில் இருக்கிற நரம்பு ஏன் வீங்கணும்?"

நாம் நரம்பு என்று சொல்வது இங்கே தோலுக்கடியில் ஓடும் சிரையை, அதாவது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயை. குடல் அழற்சி நோய் குடலோடு நிற்பதில்லை. மூட்டு, கண், தோல், பித்தக்குழாய் என்று பல இடங்களைத் தொடும். அந்தப் பட்டியலில் ரத்தக்குழாய்க்கும் இடம் உண்டு. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் உள்ளவர்களுக்கு ரத்தம் உறைவதை மேயோ கிளினிக் மருத்துவர்கள் பார்கனும் பார்க்கரும் 1936-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை, நோயாளிகளுக்குச் சொல்லப்படுவதுதான் குறைவு.

குடல் அழன்றிருக்கும்போது அங்கே சுரக்கும் அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் போகின்றன. அதைப் பார்த்துக் கல்லீரல் ஃபைப்ரினோஜன் போன்ற உறைபொருள்களைக் கூடுதலாகத் தயாரிக்கிறது. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை ஏறுகிறது. இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்தால் இன்னும் ஏறும். உறைந்ததைக் கரைக்கும் வேலை மந்தமாகிறது. ரத்தத்தின் தன்மை மாறுவது, குழாயின் உட்சுவர் கெடுவது, ஓட்டம் தளர்வது என்று உறைவுக்கு மூன்று காரணங்கள் சொல்வார்கள். ருடால்ஃப் விர்ஷோ என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரால் 1856 முதல் வழங்கும் கணக்கு இது. அழற்சி முதல் இரண்டையும் கொண்டுவருகிறது. வயிற்றுப்போக்கில் நீர் வற்றி, எழுந்திருக்க முடியாமல் படுத்துக் கிடப்பது மூன்றாவதைச் சேர்த்துவிடுகிறது.

2. "மேல் நரம்பில் வருவதும் உள் நரம்பில் வருவதும் ஒன்றுதானா?"

நடப்பது ஒன்றுதான், ஆபத்து ஒன்றில்லை. தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் சிரையில் உறைகட்டி உருவாகி அந்த இடம் அழன்று போவது மேற்சிரை அழற்சி. தசைக்குள்ளே ஆழத்தில் ஓடும் பெரிய சிரையில் உருவாவது ஆழ்சிரை உறைவு, டாக்டர்கள் டிவிடி என்பார்கள். ஆழ்சிரையிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

இரண்டும் ஒன்றோடொன்று இணைந்த குழாய்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. மேற்சிரை இடுப்பு மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் ஆழ்சிரையில் போய்ச் சேர்கிறது. பிரான்ஸில் காலில் மேற்சிரை உறைவோடு வந்த 844 பேரை ஸ்கேன் செய்து பார்த்தபோது ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஆழ்சிரையிலோ நுரையீரலிலோ ஏற்கெனவே உறைகட்டி இருந்தது. அவர்கள் குடல் நோயாளிகள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை, பொதுவாக வந்தவர்கள். "மேலேதான், ஒன்றும் ஆகாது" என்ற ஆறுதலை நான் ஏன் நம்புவதில்லை என்பதற்கு அதுவே காரணம்.

3. "எனக்கு இருப்பது அதுதானா என்று எப்படித் தெரியும்?"

விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சிரை போகும் வழியிலேயே தோலுக்கடியில் கயிறு மாதிரி ஒரு தடிப்பு நீளவாக்கில் ஓடும். அழுத்தினால் அமுங்காது, வலிக்கும். மேலே உள்ள தோல் சிவந்து, தொட்டால் சூடாக இருக்கும். சிவப்பு ஒரு கோடாக அந்தத் தடிப்போடு சேர்ந்தே போகும். கருத்த தோலில் சிவப்பு தெரியாமல் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கலாம், அதனால் நிறத்தைவிடச் சூட்டையும் தடிப்பையும் நம்புங்கள். காலைச் சுற்றி எல்லாப் பக்கமும் வீக்கம் இருக்காது. அப்படி இருந்தால் 11-ஆம் கேள்விக்குப் போங்கள்.

குடல் நோயாளிகளுக்கு இதோடு குழப்பிக்கொள்ள இன்னொன்று உண்டு: எரித்தீமா நோடோசம். முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில், இரண்டு கால்களிலும், தனித்தனி முடிச்சுகளாக வலியோடு எழும்பும். சிரை வழியில் ஓடாது. அதுவும் குடல் அழற்சியோடு வருவதுதான், ஆனால் வைத்தியம் வேறு. மூன்றாவது, தோல் தொற்று. சிவப்பு கோடாக இல்லாமல் அகலமாகப் பரவும், காய்ச்சல் வரும். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் தொற்று இருக்கலாம், அதனால் வீட்டிலேயே முடிவுகட்ட வேண்டாம்.

4. "ட்ரிப்ஸ் போட்ட கை வாரக்கணக்கில் கெட்டியாக இருக்கு. இதுவும் அதுதானா?"

ஆமாம், இதுதான் எல்லாவற்றிலும் சாதாரணமான வகை. ட்ரிப்ஸ் ஏற்ற வைக்கும் சிறு குழாயான கேனுலா உள்ளே இருந்ததால் சிரையின் சுவர் உரசி, போகும் மருந்தும் எரிச்சல் கொடுத்து அழன்றிருக்கிறது. கேனுலாவை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தானாக அடங்கும். வெதுவெதுப்பான ஒத்தடம் போதும். தடிப்பு முழுக்க மறைய வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்களும்.

சீழ், ஏறிக்கொண்டே போகும் சிவப்பு, குளிர்க்காய்ச்சல், கை முழுக்க வீக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால் அது வேறு கதை, அன்றே காட்ட வேண்டும். ஊட்டச்சத்து ஏற்றுவதற்காகக் கையின் மேல்பகுதியிலோ கழுத்திலோ நீண்ட குழாய் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அந்தக் குழாயைச் சுற்றி ஆழ்சிரையிலேயே உறைவு வரலாம். இனி ஊசி போட வருபவரிடம் எந்தக் கையில் அழன்றது என்று சொல்லி வேறு இடத்தில் குத்தச் சொல்வது உங்கள் உரிமை.

5. "மற்றவர்களைவிட எனக்கு எத்தனை மடங்கு ஆபத்து?"

பொதுவாக இரண்டு மூன்று மடங்கு என்பார்கள். அந்த ஒரே எண் கொஞ்சம் ஏமாற்றும், ஏனென்றால் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது வெகுவாக மாறும். 2010-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று இதை அழகாகப் பிரித்துக் காட்டியது. ஒட்டுமொத்தமாக 3.4 மடங்கு, நோய் அடங்கியிருக்கும்போது சுமார் 2 மடங்கு, நோய் கிளம்பும் ஃப்ளேர் காலத்தில் 8.4 மடங்கு. ஆஸ்பத்திரியில் சேராமல் வீட்டிலேயே ஃப்ளேரோடு இருப்பவர்களுக்கு, அதேபோல் வீட்டில் இருக்கும் ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய 16 மடங்கு.

பயப்படுவதற்கு முன் இந்தப் பக்கத்தையும் பாருங்கள். 1,000 பேர் ஒரு வருடம் முழுக்க ஃப்ளேரிலேயே வீட்டில் இருந்தால் அவர்களில் ஆறேழு பேருக்கு உறைவு வரும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு ஃப்ளேர் இருந்தால் அதே கணக்கில் 37 பேருக்கு மேல். மடங்கு என்பது பெரிதாகத் தெரிந்தாலும் அடிப்படை எண் சிறியது. ஆனாலும் ஃப்ளேரின்போது கால்வலி வந்தால் அலட்சியம் செய்யக் கூடாது என்பதை அந்த 16 நன்றாகவே சொல்கிறது.

6. "மலத்தில் ரத்தம் போய்க்கிட்டே இருக்கு. ரத்தம் போறவனுக்கு எப்படி ரத்தம் உறையும்?"

எல்லோரும் இடறும் இடம் இது. நோயாளிகள் மட்டுமில்லை, அனுபவமுள்ள மருத்துவப் பணியாளர்களும். கழிப்பறையில் சிவப்பாகப் பார்த்துவிட்டு வருபவருக்கு "உங்கள் ரத்தம் உறையும் பக்கம் சாய்ந்திருக்கிறது" என்று சொன்னால் கேலி செய்வதுபோல்தான் இருக்கும்.

ரத்தம் ஏன் போகிறது என்று பார்த்தால் முடிச்சு அவிழும். உறையும் சக்தி குறைந்ததால் அது போகவில்லை. குடலின் உட்பரப்பில் புண்கள் இருக்கின்றன, அவற்றில் திறந்துகிடக்கும் நுண்குழாய்களிலிருந்து கசிகிறது. அந்தப் புண்ணை உண்டாக்கிய அதே அழற்சிதான் உடலின் மற்ற இடங்களில் ரத்தத்தை உறையும் பக்கம் தள்ளுகிறது. ஒரே காரணத்துக்கு இரண்டு விளைவுகள். அதனால் ரத்தப்போக்கு அதிகமுள்ள ஃப்ளேரிலேயே உறைவின் ஆபத்தும் அதிகம். மலத்தில் ரத்தம் போவது உறைவிலிருந்து உங்களைக் காப்பாற்றாது.

இன்னும் ஆச்சரியம் உண்டு. உறைதலைத் தடுக்கும் ஹெபாரினையே அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நோயை அடக்கும் மருந்தாக அது நிலைக்கவில்லை. ஆனால் புண்ணுள்ள குடலோடு இருந்தவர்களுக்கு அதைக் கொடுத்தும் ரத்தப்போக்கு பயந்த அளவுக்கு மோசமாகவில்லை என்பது தெரியவந்தது. 13-ஆம் பதிலில் வரும் ஊசிக்கு அந்த அனுபவம் பெரிய துணை.

7. "ரத்தப் பரிசோதனையில் டி-டைமர் பார்த்தால் போதாதா? ஸ்கேன் எதுக்கு?"

டி-டைமர் என்பது உறைந்த ரத்தம் கரையும்போது வரும் துணுக்கு. அழற்சி இருந்தாலே அது ஏறிவிடும். ஃப்ளேரில் இருக்கும் குடல் நோயாளிக்கு டி-டைமர் அதிகம் என்று வந்தால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

டாப்ளர் ஸ்கேன் வலியில்லாதது, கதிர்வீச்சு இல்லாதது. ஜெல் தடவி, கருவியால் சிரையை அழுத்திப் பார்ப்பார்கள். நல்ல சிரை அமுங்கி மூடிக்கொள்ளும், உறைகட்டி உள்ள சிரை அமுங்காது. "மேல் நரம்பில் இருக்கு" என்ற ஒரு வரியோடு அறிக்கையை வாங்கி வராதீர்கள். எந்தச் சிரை, எத்தனை செ.மீ. நீளம், ஆழ்சிரையோடு சேரும் இடத்துக்கு எவ்வளவு தூரம், ஆழ்சிரைகளையும் பார்த்தார்களா என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். அடுத்த பதில் முழுக்க அந்த அளவுகளில்தான் நிற்கிறது.

8. "மேல் நரம்புதான்னு ஸ்கேன்ல வந்துடுச்சு. அப்போ மருந்தே வேண்டாமா?"

அளவைப் பொறுத்தது. இடுப்பு மடிப்பில் ஆழ்சிரையோடு சேரும் இடத்துக்கு 3 செ.மீ.க்குள் உறைகட்டி வந்திருந்தால் அதை ஆழ்சிரை உறைவாகவே கருதி முழு அளவு மருந்து கொடுப்பது வழக்கம். அதற்குத் தள்ளி, 5 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமாக இருந்தால், குறைந்த அளவில் 45 நாள் உறைதல் தடுப்பு மருந்து. ஃபாண்டாபாரினக்ஸ் 2.5 மி.கி. தினம் ஒரு ஊசி என்ற முறைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சுமார் 3,000 பேரிடம் செய்த சோதனை 2010-இல் வெளியானது. ஊசி போட்டவர்களில் 0.9 சதவீதத்தினருக்குத்தான் உறைவு பரவுவது, திரும்ப வருவது போன்ற சிக்கல்கள் வந்தன, போலி ஊசி போட்டவர்களில் 5.9 சதவீதம். ரிவராக்ஸபான் 10 மி.கி. மாத்திரையையும் சிலர் கொடுக்கிறார்கள்.

சிறியதாக, முழங்காலுக்குக் கீழே, தள்ளி இருந்தால் மருந்தில்லாமல் கவனித்து, ஒரு வாரம் பத்து நாளில் திரும்ப ஸ்கேன் செய்வதும் சரியான வழிதான். ஆனால் குடல் நோய் ஃப்ளேரில் இருக்கிறது என்பது ஸ்கேன் அறிக்கையில் இருக்காது. அதை நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தராசு மருந்து கொடுக்கும் பக்கம் சாய அது போதுமான காரணம்.

9. "வலி தாங்கலை. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போட்டுக்கலாமா?"

குடல் நோய் இல்லாதவருக்கு மேற்சிரை அழற்சி வந்தால் முதலில் எழுதித் தருவதே இந்த வகை மாத்திரைகளைத்தான். அதனால் உங்கள் குடல் நோயைப் பற்றித் தெரியாத மருத்துவர் இதை எழுதினால் அவர் தப்பு செய்ததாக ஆகாது. ஆனால் இவை சிலருக்குக் குடல் அழற்சியைக் கிளப்பிவிடும். உறைதல் தடுப்பு மருந்தோடு சேர்ந்தால் ரத்தப்போக்கையும் கூட்டும். பாராசிட்டமால் பாதுகாப்பானது. மேலே தடவும் டைக்ளோஃபினாக் ஜெல், ஹெபாரினாய்டு களிம்பு இவை ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்வதால் பலர் அனுமதிக்கிறார்கள். கேட்டுவிட்டுத் தடவுங்கள்.

10. "படுத்தே இருக்கணுமா? தேய்த்துவிட்டால் கரையுமா?"

நடங்கள். படுத்துக் கிடந்தால் ஓட்டம் தளரும், 1-ஆம் பதிலில் சொன்ன மூன்றாவது காரணம் கூடும். உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள். தேய்த்துவிடுவது வேண்டவே வேண்டாம், எண்ணெய் போட்டு உருவுவதும்தான். உறைகட்டி தேய்த்துக் கரைவதில்லை, வலிதான் கூடும். ஆழ்சிரையில் உறைவு இருந்து தெரியாமல் உருவினால் அது பிய்ந்து போகும் ஆபத்தும் இருக்கிறது.

சிவப்பும் சூடும் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும். தடிப்பு பிறகும் இருக்கும், மேலே பழுப்புத் தழும்பு மாதங்களுக்கு நிற்கலாம். தடிப்பு இன்னும் இருக்கிறது என்பதால் மட்டும் வைத்தியம் பலிக்கவில்லை என்று நினைக்காதீர்கள்.

11. "எது வந்தால் உடனே ஓடணும்?"

ஒரு கால் மட்டும் வீங்குவது, கெண்டைக்கால் கனத்து வலிப்பது, நடக்கும்போது இழுப்பது: அன்றே டாப்ளர். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம்: ஆம்புலன்ஸ். நுரையீரலில் அடைப்பு வந்தவர்கள் எல்லோருக்கும் முதலில் கால் வலித்திருக்கும் என்றில்லை. "சோகை இருக்கு, அதான் மூச்சு வாங்குது" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு நாள் கடத்துபவர்கள் குடல் நோயாளிகளில் அதிகம். சோகையின் மூச்சிரைப்பு மெல்ல மெல்ல வரும். நேற்று ஏறிய மாடிப்படியை இன்று ஏற முடியவில்லை என்றால் அது சோகை மட்டும் இல்லை.

12. "கால், நுரையீரல் தவிர வேறு எங்கேயும் வருமா?"

வரும், அபூர்வமாக. குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் சிரைகளில் வரலாம், முக்கியமாக வயிற்று அறுவைக்குப் பிறகு. வழக்கமான குடல் வலி உங்களுக்குப் பழகியிருக்கும். அதற்கு ஒத்துவராத, விடாத வயிற்றுவலி வந்தால் "இது என் வழக்கமான வலி இல்லை" என்ற அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். மூளையின் சிரைகளிலும் உறையலாம்: நாளுக்கு நாள் கூடும் புதுத் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, கை கால் பலவீனம். இளவயதுக்காரர்களுக்கும் குழந்தைகளுக்கும்கூட இது வரும்.

13. "ஆஸ்பத்திரியில் தினமும் வயிற்றில் ஒரு ஊசி போடுறாங்க. ரத்தப்போக்கு இருக்கும்போது அது சரியா?"

சரிதான். எனாக்ஸாபாரின் 40 மி.கி. போன்ற குறைந்த அளவு ஹெபாரின் வகை ஊசி அது. உறைவு வராமல் தடுக்க. ஃப்ளேரோடு ஆஸ்பத்திரியில் சேருபவர்களுக்கு, ரத்த அழுத்தம் குறையும் அளவுக்குக் கடுமையான ரத்தப்போக்கு இல்லாதவரை, மலத்தில் ரத்தம் போனாலும் இதைப் போட வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள வழிகாட்டுதல். காரணம் 6-ஆம் பதிலில். ஊசி போடாமல் விட்டால்தான் "ஏன் போடவில்லை" என்று கேட்க வேண்டும். உறவினர்கள் "ரத்தம் போகுது, ஊசி வேண்டாம்" என்று தடுப்பதையும் பார்த்திருக்கிறேன், அன்புதான், ஆனால் எதிர்த்திசையில்.

14. "நான் எடுக்கிற மருந்துதான் காரணமா?"

பங்கு இருக்கலாம். ஸ்டீராய்டு உறைவின் ஆபத்தைக் கூட்டுகிறது. ஃப்ளேர் இருப்பவர்களுக்குத்தானே ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள், எதன் தப்பு எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் மாதக்கணக்கில் ஸ்டீராய்டிலேயே ஓட்டுவதற்கு எதிரான இன்னொரு வாதமாக இதை எடுத்துக்கொள்ளலாம். டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் போன்ற மருந்துகளில் அந்தப் பிரச்சினை தெரியவில்லை, அழற்சியை அடக்குவதால் ஆபத்து குறையவே செய்கிறது.

செல்லுக்குள் அழற்சிச் செய்தி போவதைத் தடுக்கும் டோஃபாசிட்டினிப் போன்ற ஜாக் தடுப்பி மாத்திரைகளுக்கு உறைவு எச்சரிக்கை இருக்கிறது. முதலில் 2019-இல், அதிக அளவு எடுத்த மூட்டுவாத நோயாளிகளைப் பார்த்து வந்தது. ஏற்கெனவே உறைவு வந்தவர் என்றால் அந்த மருந்தை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தாலிடோமைடும் இதே கணக்கு. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் உறைவின் ஆபத்தைக் கூட்டும். அதைப் பற்றிக் குடல் டாக்டர் கேட்கமாட்டார், பெண்கள் மருத்துவர் குடலைப் பற்றிக் கேட்கமாட்டார். நடுவில் இருப்பவர் நீங்கள்தான். ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழிகள் நிறைய இருக்கின்றன. எந்த மருந்தையும் தானாக நிறுத்த வேண்டாம், குடல் மருந்தை நிறுத்தி ஃப்ளேர் வந்தால் உறைவின் ஆபத்து இன்னும் ஏறும்.

15. "ரத்தம் உறையாத மாத்திரையை எவ்வளவு நாள் போடணும்? வாழ்நாள் முழுக்கவா?"

மேற்சிரைக்கு 8-இல் சொன்னதுபோல் பெரும்பாலும் 45 நாள். ஆழ்சிரைக்கும் நுரையீரலுக்கும் குறைந்தது 3 மாதம். அதற்குப் பிறகு என்ன என்பதில்தான் யோசனை. அறுவை சிகிச்சை போன்ற ஒரு தற்காலிகக் காரணத்தால் வந்திருந்து, அது நீங்கி, குடலும் அடங்கியிருந்தால் நிறுத்தலாம். காரணம் ஃப்ளேர்தான், அது இன்னும் அடங்கவில்லை என்றால், நாள்காட்டியைப் பார்த்து நிறுத்துவதில் அர்த்தமில்லை. குடல் அடங்கும்வரை தொடர்வதையே பலர் விரும்புகிறார்கள். எந்தக் காரணமும் இல்லாமல், குடல் அமைதியாக இருக்கும்போதே வந்தாலோ, இரண்டாம் முறை வந்தாலோ நீண்ட காலம்.

16. "வார்ஃபரினா, புது மாத்திரையா? எனக்குச் சிறுகுடலில் ஒரு பகுதி எடுத்திருக்கு."

இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல மறப்பவர்கள் அதிகம், அதுதான் முக்கியம். ரிவராக்ஸபான் போன்ற புது மாத்திரைகள் இரைப்பையிலும் சிறுகுடலின் மேற்பகுதியிலும் அதிகம் உறிஞ்சப்படுகின்றன. குடல் நிறைய எடுத்திருந்தால், மருந்து எவ்வளவு சேர்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் அளந்து பார்க்கக்கூடிய பழைய மாத்திரையான வார்ஃபரினோ, குடலையே நம்பாத ஊசியோ நல்லது. ரிவராக்ஸபான் 15, 20 மி.கி. மாத்திரைகளைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் சரியாகச் சேராது. ஃப்ளேரில் சாப்பிட முடியாமல் கிடப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். குடல் ரத்தப்போக்கு அதிகமுள்ளவர்களுக்குப் புது மாத்திரைகளில் அபிக்ஸபானைத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர்.

வார்ஃபரின் எடுத்தால், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை கூடவே வரும். குரோன்ஸில் ஆசனவாய்ப் புண்ணுக்கும் பௌத்திரத்துக்கும் கொடுக்கும் மெட்ரோனிடசோல் வார்ஃபரினின் வேகத்தை நன்றாக ஏற்றிவிடும், சிப்ரோஃபிளாக்சசினும் ஏற்றும். அசாதயோபிரின் எதிர்ப்பக்கம் இழுக்கும். புதிதாக ஆன்டிபயாடிக் தொடங்கிய சில நாள்களில் ஐஎன்ஆர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

17. "கர்ப்பமாக இருக்கேன். என்ன செய்வது?"

கர்ப்பமே உறைவின் ஆபத்தைக் கூட்டும், பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரங்கள் அதைவிட அதிகம், ஃப்ளேரும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. ஹெபாரின் வகை ஊசி நஞ்சுக்கொடியைத் தாண்டாது, அதனால் அதுதான் முதல் தேர்வு. வார்ஃபரின் கருவைப் பாதிக்கும், புது மாத்திரைகளும் கூடாது. மாத்திரையில் இருக்கும்போது கர்ப்பம் தெரியவந்தால், நிறுத்திவிட்டுக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழைத்து ஊசிக்கு மாறுங்கள். பாலூட்டும்போது ஊசியும் வார்ஃபரினும் எடுக்கலாம்.

18. "பெருங்குடலையே எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீருமா?"

அல்சரேட்டிவ் கோலைட்டிஸில் அழற்சியின் இருப்பிடம் போய்விடுவதால் நாளடைவில் நன்மை உண்டு. ஆனால் ஆபத்து முழுக்கப் போய்விடுவதில்லை, அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் கூடவும் செய்கிறது. அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் சுமார் 4 வாரம் தடுப்பு ஊசி தொடர வேண்டுமா என்று கேளுங்கள். உறைவுக்காக மட்டும் குடலை எடுப்பது யாரும் செய்யும் வைத்தியம் இல்லை.

19. "ஒரு இடத்தில் ஆறினதும் வேறு இடத்தில் வருது. இந்தக் கால், அந்தக் கால், இப்போ கை. இதுவும் குடல்தானா?"

இருக்கலாம், ஆனால் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாத நிலை இது. காரணமில்லாமல் இடம் மாறி மாறி வரும் மேற்சிரை அழற்சி, உள்ளே மறைந்திருக்கும் புற்றுநோயின் அடையாளமாக இருக்கக்கூடும். பிரெஞ்சு மருத்துவர் அர்மாண்ட் ட்ரூசோ 1865-லேயே இதைச் சொல்லியிருக்கிறார். எடை குறைவதும் வயது கூடியிருப்பதும் சேர்ந்தால் தேடிப் பார்ப்பது நியாயம்.

இளவயதுக்காரருக்கு வாய்ப்புண், பிறப்புறுப்பில் புண், கண் சிவப்பு இவையும் இருந்தால் ரத்தக்குழாய்கள் அழலும் பெசெட் நோயை நினைக்க வேண்டும். அது குடலிலும் புண் உண்டாக்கும், குரோன்ஸ் என்று எண்ணிக்கொண்டே வருடங்கள் போகலாம். குடும்பத்தில் பலருக்கு உறைவு வந்திருந்தால் பரம்பரைக் காரணங்களைப் பார்ப்பார்கள். அந்தச் சோதனைகளில் சில, உறைவு புதிதாக இருக்கும்போதும் மருந்து எடுக்கும்போதும் தவறான முடிவு தரும். எப்போது எடுப்பது என்று கேட்டுக்கொண்டு எடுங்கள்.

20. "அடுத்த மாசம் கொலோனோஸ்கோபி. மாத்திரையை நானே ரெண்டு நாள் முன்னாடி நிறுத்திடவா?"

வேண்டாம். எந்த மாத்திரை, சிறுநீரகம் எப்படி, கேமராக் குழாயால் குடலை வெறுமனே பார்ப்பதா, துணுக்கு எடுப்பதா, கட்டி வெட்டுவதா என்பதைப் பொறுத்து நாள் மாறும். வார்ஃபரினுக்கு நாள் அதிகம், புது மாத்திரைகளுக்குக் குறைவு, சில பரிசோதனைகளுக்கு நிறுத்தவே வேண்டியதில்லை. உறைவு வந்து 3 மாதம் ஆகவில்லை என்றால், அவசரமில்லாத கொலோனோஸ்கோபியைத் தள்ளிப்போட முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

குடல் டாக்டர் "ரத்தக்குழாய் டாக்டரைக் கேளுங்க" என்பார், அவர் "குடல் டாக்டரைக் கேளுங்க" என்பார். இது நடக்கும். ஒரு தாளில் உறைவு வந்த தேதி, எந்தச் சிரை, எந்த மருந்து, என்ன அளவு, கடைசி ஸ்கேன் அறிக்கை, இப்போது குடல் எப்படி இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். நிறுத்தும் தேதி, திரும்ப ஆரம்பிக்கும் தேதி இரண்டையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். நிறுத்தும் தேதி எல்லோருக்கும் நினைவிருக்கும், ஆரம்பிக்கும் தேதிதான் தவறிப்போகும்.